பைத்தானில் 1752-க்கு முந்தைய லீப் ஆண்டுகளை எண்ணுவது எப்படி?

வணக்கம். வேலூரிலிருந்து வட ஆற்காட்டு வரலாற்றுக்கான காலவரிசை ஒன்றைப் பைத்தான் 3.12 நிரல்மொழியில் தயாரித்து வருகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆங்கிலக் குறிப்புகளில் 1752 செப்டம்பருக்கு முந்தைய இரு தேதிகளுக்கு இடைப்பட்ட நாள்களைக் கணக்கிடும்போது, இடையில் 1700 பிப்ரவரி வந்தால் ஒரு நாள் குறைகிறது.

லீப் ஆண்டுகளை எண்ணும், காலண்டர் தொகுதியின் லீப்டேஸ் (leapdays) செயற்கூறு இறுதி ஆண்டைச் சேர்க்காது என்பதால் 1700, 1801 என்றே கொடுத்தேன். 24 என்று வந்தது. ஆங்கிலேயர் 1752 வரை, நான்கால் வகுபடும் எல்லா ஆண்டையும் லீப் ஆண்டாகக் கொள்ளும் பழைய ஜூலியன் முறையைப் பின்பற்றியதால் அவர்களுக்கு 1700-உம் லீப் ஆண்டு. ஆகவே 25 வர வேண்டும். வேலூர்ப் புரட்சி நாளான 1806 ஜூலை 10-ஐக் கொடுத்தால் வியாழன் என்று சரியாகச் சொல்லும் அதே தொகுதி, ஆங்கிலேயருக்குப் புதன்கிழமையாக இருந்த 1752 செப்டம்பர் 2-ஐச் சனி என்கிறது. டேட்டைம் தொகுதியும் இன்றைய கிரிகோரியன் நாள்காட்டி விதியையே பின்னோக்கி நீட்டுவதால் பயன் இல்லை. லினக்ஸில் நாள்காட்டி காட்டும் கால் (cal) கட்டளை அந்த மாதத்தில் 2-க்கு அடுத்து 14 என்று சரியாகக் காட்டுகிறது, ஆனால் அதை வைத்துக் கணக்குப் போட முடியாது. ஜாவா நிரல்மொழியின் கிரிகோரியன்காலண்டரில், ஜூலியனிலிருந்து கிரிகோரியனுக்கு மாறும் நாளை (மாறுநாளை) நாமே அமைக்கலாம். பட்டியல் முழுவதும் பைத்தானில் இருப்பதால் அங்கே மாற விருப்பமில்லை. (அன்றைய ஆங்கில ஆண்டு மார்ச் 25-இல் தொடங்கும் தலைவலியைத் தனியாகத் தீர்த்துவிட்டேன்.)

பைத்தானுக்குள்ளேயே 1752 செப்டம்பர் 14-ஐ மாறுநாளாகக் கொடுத்து லீப் ஆண்டுகளை எண்ண, நம்பகமான வழி ஏதும் உண்டா?