ஓர்ஃபேயோ ஓபரா (பாட்டிலேயே நடக்கும் நாடகம்) பார்த்தவர்களே, இன்னும் விடாமல் துரத்தும் இடம் எது?

பின்வரிசை:
இத்தாலிய இசையமைப்பாளர் மான்டெவெர்டியுடையதைத்தான் சொல்கிறேன். செத்த மனைவியை மீட்கப் பாடகன் ஓர்ஃபேயோ போகும் பாதாளம், படகு எல்லாம் பிறகு. எனக்கு இரண்டாம் அங்கத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கல்யாணக் களிப்பில் ஓர்ஃபேயோ காடுகளைக் கூப்பிட்டு ‘நான் அழுததெல்லாம் ஞாபகம் இருக்கா’ என்று துள்ளிப் பாடி முடித்திருக்கிறான். தூது சொல்ல ஒருத்தி உள்ளே வருகிறாள். அத்தனை வாத்தியமும் அடங்கி, அவளுக்கு மர ஆர்கனும் கித்தரோன் என்ற நீளக் கழுத்துத் தந்தி வாத்தியமும் மட்டும். உன் மனைவி இறந்துவிட்டாள் என்கிறாள். அவன் ‘ஓயிமே’, அதாவது ‘ஐயோ’, என்கிறான். அவ்வளவுதான். பாம்பு கடித்த கதையை அவள் சொல்லி முடிக்கும்வரை அவனுக்குப் பாட்டே கிடையாது. கல்லையும் உருக்கப் பாடுகிறவன்! அன்று பாடியவர் முகத்தில் கல்யாணச் சிரிப்பு பாதி அப்படியே நின்றிருந்தது. அதைத்தான் மறக்க முடியவில்லை.

லாச்சப்பல்வாசி:
எனக்குப் பாதாள ஆத்துப் படகுக்காரன் கரோன் நித்திரையானதுதான். தன்னை அக்கரை சேர்க்கச் சொல்லி ஓர்ஃபேயோ ‘பொஸெந்தே ஸ்பீர்த்தோ’ (வல்லமையுள்ள ஆவியே) எண்டு பாடி, தன்ரை முழு வித்தையையும் இறக்குறான். வயலின், கோர்னெட்டோ எண்ட ஊதுகுழல், ஹார்ப் எண்டு மாறி மாறிப் பதில் குடுக்குது. படகுக்காரன் ரீகல் எண்ட அந்த மூக்கடைச்ச சின்ன ஆர்கனோடை, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா இரக்கம் எனக்குச் சரிவராது எண்டுறான். கொஞ்சத்தாலை ஆள் நித்திரை! எனக்கு முன்னாலை இருந்த ஐயாவும் அதே நேரம் குறட்டை. நான் வாய்விட்டுச் சிரிச்சிட்டன், பக்கத்துக் கதிரை அம்மா முறைச்சா. அவன் மயங்கினானோ, அலுத்துப்போனானோ?

மூன்றாங்காலம்:
@லாச்சப்பல்வாசி அலுப்பாவது! அச்சான இசைப்பிரதியில் அந்தப் பாட்டின் குரலுக்கு இரண்டு இசைவரிகள் உண்டு: ஒன்று வெறும் மெட்டு, இன்னொன்று முழு அலங்காரத்தோடு. தூங்கவைக்க யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா? நான் பார்த்த மேடையில் கடைசியில் ஓர்ஃபேயோவின் அப்பா, அப்பொல்லோ தேவன், கயிற்றில் இறங்கினார், கப்பி கிறீச்சிட்டது. என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பாட்டு வரிகள் கையில் இல்லாமல் போகாதீர்கள். 1607இல் இத்தாலியின் மாந்துவாவில் முதலில் நடந்தபோதே, கேட்பவர்கள் பார்த்துக்கொண்டே தொடர்வதற்காக, பாட்டுகளை எழுதிய ஸ்த்ரீஜோவின் வரிகளை அச்சடித்தார்கள். அந்த அச்சில் முடிவே வேறு: அப்பொல்லோ இல்லை, மது தேவன் பாக்கஸின் வெறிபிடித்த பக்தைகள் வருகிறார்கள், ஓர்ஃபேயோ ஓடுகிறான். 1609 இசைப்பிரதியில்தான் அப்பா வந்து மகனை வானத்துக்குக் கூட்டிப்போகிறார். எனக்கு அது ஒட்டவே இல்லை. ஆரம்பத் தொக்காத்தா என்ற வாத்திய முழக்கம் மூன்று முறை வரும், தாமதமாகப் போய்த் தவறவிடாதீர்கள். மொத்தமே இரண்டு மணி நேரத்துக்குள்தான். வாக்னரின் மணிக்கணக்கான ஓபரா என்று நினைத்து டிபன் கட்டிக்கொண்டு போக வேண்டாம்.

பின்வரிசை:
@மூன்றாங்காலம் இங்கே யார் ஆலோசனை கேட்டது?

தாழ்வாரம்:
நாலாம் அங்கத்தை யாரும் சொல்லவில்லையே. பாதாளத்திலிருந்து மனைவியைக் கூட்டி வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. அவன் சும்மா திரும்பவில்லை. திரைக்குப் பின்னால் சத்தம் கேட்க வேண்டும் என்று பிரதியிலேயே குறிப்பு இருக்கிறது. நான் பார்த்ததில் அந்தச் சத்தத்தை எங்கள் முதுகுப் பக்கம் வைத்துவிட்டார்கள். இரும்புத் தகடு விழுந்த மாதிரி ஒரே இடி. பாதி அரங்கு திரும்பிப் பார்த்தது, நானும்தான். மேடைப்பக்கம் மறுபடி திரும்புவதற்குள் அவன் பார்த்து முடித்து, அவள் விடைபெறத் தொடங்கிவிட்டாள். அந்தப் பார்வைக்காகத்தான் டிக்கெட்டே எடுத்தேன்!