புதிய தமிழ் ராப், தனியிசை வெளியீடுகள் கண்ணில் படுவதே இல்லை: வழி சொல்லுங்கள்

நொய்யல்

வணக்கம். தமிழ் ராப்பையும் தனியிசையையும் விடாமல் கேட்பவன் நான். படங்களுக்கு வெளியே, பாடுகிறவரே எழுதி வெளியிடும் பாட்டுகள்தான் எனக்கு வேண்டும். மாதச் சந்தா கட்டி ஒரு செயலியில் கேட்கிறேன். அதில் எனக்குச் சில சிக்கல்கள்.

வெள்ளிக்கிழமை தோறும் அது தரும் புதுப் பாட்டுப் பட்டியலைத் திறந்தால் முக்கால்வாசி சினிமாப் பாட்டு. நான் பின்தொடரும் ராப் பாடகர் ஒருவர் ஐந்து பாட்டுகள் கொண்ட ஈ.பி. வெளியிட்டிருக்கிறார். வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, அதுவும் மாதங்கள் கழித்து. பின்தொடரும் பொத்தானை அழுத்தி வைத்திருந்தும் இந்த நிலை. அக்கா மகள் என் கைபேசியில் குழந்தைப் பாட்டு கேட்பாள், அதுவும் காரணமாக இருக்குமோ?

எனக்குப் பிடித்த ஒரு பீட் தயாரிப்பாளரின் (ராப்புக்கு அடியில் ஓடும் தாள இசையை உருவாக்குபவர்) பக்கத்தில், அதே பெயருள்ள வேறு யாரோ ஒருவருடைய நடனப் பாட்டுகள் கலந்து கிடக்கின்றன. எது யாருடையது என்று பிரித்தறிய முடியவில்லை.

பகிர்வதிலும் தொல்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு செயலி வைத்திருக்கிறோம். என் இணைப்பைத் தொட்டால் செயலியை நிறுவச் சொல்கிறது, எல்லோரும் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். எம்.பி.3 கோப்பாக அனுப்பு என்கிறார்கள். அனுப்பலாமா? நல்ல பாட்டு ஒன்று நூறு பேரைக்கூடச் சேராமல் போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

கலவைமேசை

சென்னையில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறேன். கலைஞர்களின் பாட்டுகளைச் செயலிகளுக்கு அனுப்பிவைப்பதும் என் பொறுப்பு. அதனால் பாட்டு உங்களிடம் வந்து சேரும் பாதையை முதலில் சொல்கிறேன்.

தனிக் கலைஞர் பாட்டை நேராகச் செயலியில் ஏற்றுவதில்லை. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோக நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் எல்லாச் செயலிகளுக்கும் போகிறது. பாடியவர் பெயர், உடன் பாடியவர் பெயர், மொழி, வெளியீட்டு நாள் எல்லாம் அங்கே ஒரு படிவத்தில் நிரப்பப்படும். செயலி அறிவது அந்தப் படிவத்தை மட்டும்தான். உங்கள் பாடகர் ஒரு படப் பாட்டில் எட்டு வரி ராப் பாடியிருந்தாலும் அவர் பெயர் கலைஞர் வரிசையில் ஏறும். அவரைப் பின்தொடரும் உங்களுக்கு அந்தப் படப் பாட்டும் அவருடைய புது வெளியீடாகவே வந்து நிற்கும். நீங்கள் சினிமாப் பாட்டைக் கேட்டதால் வந்த வினை என்று நினைக்க வேண்டாம், நீங்கள் பின்தொடர்பவர் சினிமாவில் பாடியதே பெரும்பாலும் காரணம்.

இன்னொன்று கலைஞர்கள் பக்கத்தில் இருக்கிறது. ஸ்பாட்டிஃபையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பாகவே கலைஞர் தன் பாட்டை முன்மொழிந்தால், அவர் தேர்ந்தெடுத்த பாட்டு பின்தொடர்பவர்களுக்கு வெள்ளி தோறும் வரும் 'ரிலீஸ் ரேடார்' என்ற புதுப் பாட்டுப் பட்டியலுக்குப் போகும். பட நிறுவனங்களுக்கு இது அன்றாட வேலை. தனிக் கலைஞர்களோ இரவெல்லாம் விழித்து மிக்ஸ் முடித்து, விடிந்ததும் வெளியிட்டுவிடுகிறார்கள். நான் எவ்வளவு சொல்லியும் பலர் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமையை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். உலகமெங்கும் வெள்ளியன்று இசை வெளியிடும் வழக்கம் 2015 ஜூலை 10 அன்று தொடங்கியது. அது பெரிய நிறுவனங்களின் நாட்காட்டி. நம் ஆட்கள் பொங்கலன்று வெளியிடுவார்கள், மே தினத்தன்று வெளியிடுவார்கள், ஏப்ரல் 14 அன்று வெளியிடுவார்கள். பலர் முதலில் யூடியூபில் காணொளியைப் போட்டுவிட்டுச் செயலிகளுக்குப் பிறகுதான் வருகிறார்கள்.

ஆகவே யூடியூபிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு சேனலுக்கும் ஆர்.எஸ்.எஸ். ஓடை, அதாவது புது வெளியீடுகளை வாசிப்பான் செயலிக்குத் தானாக அனுப்பும் வசதி உண்டு. ஃபீட்லி போன்ற ஒரு வாசிப்பானில் சேனல் முகவரியை ஒட்டினால் போதும், புதிதாக வெளியாகிறவை நாள் வரிசைப்படி வந்து நிற்கும். செயலியின் எந்தக் கணிப்பும் இடையில் புகுந்து உங்களுக்காக எதையும் தேர்ந்தெடுக்காது. ஸ்பாட்டிஃபையில் மணிக்குறிக்குள் இருக்கும் 'வாட்ஸ் நியூ' பகுதியும் பின்தொடர்பவர்களின் வெளியீடுகளைக் காட்டும். அதைப் பலர் திறப்பதே இல்லை.

குழந்தைப் பாட்டுக்கு வழி எளிது. பாப்பா கேட்கும்போது ஸ்பாட்டிஃபையில் தனிப்பட்ட அமர்வை (பிரைவேட் செஷன்) இயக்குங்கள், அல்லது அவளுக்கென ஒரு பட்டியல் உருவாக்கி அதை உங்கள் ரசனைக் கணக்கிலிருந்து நீக்கிவைக்கலாம். யூடியூப் மியூசிக் என்றால் பார்வை வரலாற்றைச் சற்று நேரம் நிறுத்திவையுங்கள்.

ஸ்கார்பரோ

தம்பி, கலவைமேசை சொன்னது சரிதான். ஆனால் அவர் சொன்னதெல்லாம் ஏற்கனவே தெரிந்தவர்களின் புதுப் பாட்டைப் பிடிக்கும் வழி. தெரியாதவர்களைக் கண்டுபிடிக்க வேண்டாமா?

நான் பாடுகிறவரை விட்டுவிட்டு பீட் போடுகிறவரைப் பிடித்துக்கொள்வேன். ராப் பாடகர் அறிவு 2019இல் 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டபோது எல்லோரும் வரிகளைப் பற்றியே பேசினார்கள். இசையமைத்த ஆஃப்ரோவின் பெயரைத் தேடிப் போனவர்களுக்கு அங்கிருந்து வேறு கதவுகள் திறந்தன. எங்கள் டொராண்டோவில் யஞ்சன் இருக்கிறார், மிருதங்கக் கலைஞர், பீட் தயாரிப்பாளரும்கூட. யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே வளர்ந்த ஷான் வின்சென்ட் டி பால் அந்த மிருதங்கத்துக்கு ராப் பாடியதைக் கேட்டுத்தான் நான் யஞ்சனிடம் வந்தேன். ஷானின் 'மேட் இன் ஜாஃப்னா' தொகுப்பு 2021இல் வந்தது. அவர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடுகிறவர், ஆகவே தமிழ்ப் பட்டியல்களில் அவரைச் செயலி உங்களுக்கு எளிதில் காட்டாது. செயலியில் பாட்டின் விவரப் பக்கத்தில் தயாரிப்பாளர், மிக்ஸிங், மாஸ்டரிங் செய்தவர் பெயர்கள் இருக்கும். ஒரு பாட்டுக்கு ஒரு பெயரையாவது தேடிப் பாருங்கள். ஒரு மாதத்தில் உங்கள் பட்டியலே வேறாகிவிடும்.

கலைஞர்கள் தங்கள் பாட்டை நேரடியாக விற்கும் தளமான பேண்ட்கேம்ப் பக்கமும் வாருங்கள். அங்கே ஒரு கலைஞரைப் பின்தொடர்ந்தால் புது வெளியீடு வரும்போது மின்னஞ்சல் வந்துவிடும். குறிச்சொல் வழியாகவும் ஊர் வழியாகவும் தேடலாம். ஒரு தொகுப்பை வாங்கியவர்களின் பக்கத்துக்குப் போனால் அவர்கள் வேறு என்ன வாங்கியிருக்கிறார்கள் என்று தெரியும். எனக்கு ஆகச் சிறந்த பரிந்துரைகள் அப்படித்தான் கிடைத்தன, முகம் தெரியாத மனிதர்கள் காசு கொடுத்து வாங்கிய அலமாரிகளிலிருந்து. டிஜிட்டல் விற்பனையில் அந்தத் தளம் எடுத்துக்கொள்ளும் பங்கு 15 சதவீதம். 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக் காலத்தில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் ஃப்ரைடே' நாட்களில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள். வாங்குவதாக இருந்தால் அந்த நாளுக்குக் காத்திருந்து வாங்குங்கள்.

வேளச்சேரி

அக்கா, தமிழ்நாட்டில் இருக்கும் பலர் பேண்ட்கேம்ப்பில் இல்லை. அங்கே தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று நொய்யல் சோர்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கு நிகழ்ச்சி அறிவிப்புகள்தான் வழிகாட்டி. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு முதன்முறையாக மேடையேறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் நின்றன. நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பர் முதல் நடத்திவரும் 'மார்கழியில் மக்களிசை' நிகழ்ச்சியின் கலைஞர் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராகத் தேடுங்கள். பறை, ஒப்பாரி, கானா, ராப் என்று வகை பிரிக்காமல் வரும் பெயர்கள் அவை. எந்தச் செயலியும் இவர்களை ஒன்றாக அடுக்கிக் காட்டாது. ஆனால் கேட்கிற காதுக்கு அந்த உறவு உடனே புரியும்.

தாராவியை விட்டுவிடாதீர்கள். டோபடெலிக்ஸ் குழு தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் எல்லாவற்றிலும் ராப் பாடுகிறது. கலவைமேசை சொன்ன அந்தப் படிவத்தில் ஒரு பாட்டுக்கு ஒரே ஒரு மொழியைத்தான் குறிக்க முடியும் இல்லையா? இவர்களை எந்த மொழிப் பட்டியலில் தேடுவீர்கள்?

நொய்யல்

எல்லோருக்கும் நன்றி. ஃபீட்லியில் சேனல்களைச் சேர்த்துவிட்டேன், நான் தவறவிட்ட பாட்டுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. தயாரிப்பாளர் வழியாகப் போகும் யோசனை எனக்குத் தோன்றியதே இல்லை. நேற்றிரவு முழுக்க அதே வேலைதான்.

பெயர்க் குழப்பம் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கத்தில் மொத்தம் நாற்பது பாட்டுக்கு மேல். பாதி என் ஆளுடையவை அல்ல.

கலவைமேசை

விநியோக நிறுவனம் பாட்டை அனுப்பும்போது, ஏற்கனவே இருக்கும் கலைஞர் பக்கத்தைக் குறிப்பிடாமல் பெயரை மட்டும் கொடுத்தால், அதே பெயருள்ள பக்கம் ஒன்றில் செயலி அதை ஒட்டிவிடும். உங்கள் ஊர்த் தயாரிப்பாளருக்கும் எங்கோ இருக்கும் நடன இசைக்காரருக்கும் அப்படித்தான் ஒரே வீடு அமைந்திருக்கிறது.

கேட்பவராக உங்களால் அதைத் திருத்த முடியாது. கலைஞருக்குச் செய்தி அனுப்புங்கள். எந்தெந்தப் பாட்டு தவறாக வந்திருக்கிறது என்று தலைப்புகளோடு எழுதுங்கள், திரைப்பிடிப்பும் வையுங்கள். அவர் தன் விநியோக நிறுவனம் வழியாகவோ செயலியின் கலைஞர் பகுதி வழியாகவோ பிரிக்கச் சொல்லலாம். பலருக்குத் தங்கள் பக்கம் இப்படிக் கிடப்பதே தெரியாது. சொன்னால் மகிழ்வார்கள்.

அதுவரை நீங்களே பிரிக்க, பாட்டின் அடியில் உரிமை வரியைப் பாருங்கள். ஒருவருடைய பாட்டுகளில் பெரும்பாலும் ஒரே லேபிள் பெயர் தொடர்ந்து வரும். சிலர் ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும் அடையாள எண்ணான ஐ.எஸ்.ஆர்.சி.யின் முதல் இரண்டு எழுத்தை வைத்து நாட்டைக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். அதை நம்ப வேண்டாம். அமெரிக்க விநியோக நிறுவனம் எண் கொடுத்தால், திருப்பூரில் பதிவான பாட்டுக்கும் 'கியூ இசட்' போன்ற அமெரிக்கக் குறியீடு இருக்கலாம்.

நிலையான தீர்வு மியூசிக்பிரைன்ஸ். அது யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய திறந்த தரவுத்தளம். ஒரே பெயருள்ள இரண்டு கலைஞர்களுக்கு அங்கே தனித்தனி அடையாள எண்ணும், அடைப்புக்குறிக்குள் வேறுபாட்டுக் குறிப்பும் உண்டு. அதன் உடன்பிறப்பான லிசன்பிரைன்ஸில் புது வெளியீடுகளுக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. உங்கள் தயாரிப்பாளர் அங்கே இல்லையென்றால் நீங்களே சேர்க்கலாம். நம் தனியிசைக் கலைஞர்கள் பலர் அங்கே இன்னும் இல்லை, அதனால் இது வெறும் தேடல் வேலையாக முடியாது, அடுத்து தேடி வருபவருக்கும் பயன்படும்.

பட்டர்வொர்த்

பகிர்வது பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

யோகி பி, நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' 2006இல் வந்தபோது நாங்கள் மலேசியாவில் அதைக் குறுந்தட்டில் வாங்கினோம். வாங்கியவன் நண்பனுக்குக் கொடுக்கும்போது இந்த இடத்தைக் கேள் என்று சொல்லிக் கொடுப்பான். இப்போது இணைப்பு மட்டும் வந்து விழுகிறது. ஏன் கேட்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

செயலிச் சிக்கலுக்கு ஒடெஸ்லி என்ற சேவை இருக்கிறது. உங்கள் செயலியின் இணைப்பை அதில் ஒட்டினால், ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் என்று எல்லாவற்றுக்கும் வழி காட்டும் ஒரே பக்கம் கிடைக்கும். அவரவர் தமக்குரியதைத் தொட்டுக்கொள்வார்கள். யூடியூபில் மட்டும் இருக்கும் பாட்டுக்கு அந்த இணைப்பையே அனுப்புங்கள், அதைத் திறக்கச் சந்தா வேண்டாம்.

எம்.பி.3 அனுப்ப வேண்டாம். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது ஒலித்திருந்தால்தான் அதன் பதிவுக்குப் பணமே உண்டு. பெரிய நட்சத்திரத்துக்கு உங்கள் குழு ஒரு பொருட்டில்லை. அறுநூறில் நிற்கும் ஒரு பையனுக்கு முப்பது பேர் கொண்ட குழு சேர்ந்து கேட்பது பெரிய உதவி. கோப்பாக அனுப்பினால் அத்தனை கேட்பும் கணக்கில் இல்லாமல் போகும்.

வாரம் ஒரு பாட்டு போதும். கூடவே இரண்டு வரி எழுதுங்கள்: யார், எந்த ஊர், எந்த நிமிடத்தில் என்ன நடக்கிறது. "1:40இல் பீட் நின்று வெறும் குரல் மட்டும் வரும், அதைத் தவறவிடாதீர்கள்" என்று எழுதினால் ஆள் 1:40 வரைக்குமாவது கேட்பார்.

நொய்யல்

பட்டர்வொர்த் ஐயா, சொன்னபடி இன்று காலை ஒரு பாட்டை இரண்டு வரியோடு ஒடெஸ்லி வழியாக அனுப்பினேன். நான்கு பேர் கேட்டுவிட்டுப் பதில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் பீட் தயாரித்தவர் யார் என்று கேட்டார்! தயாரிப்பாளருக்கும் பாட்டுத் தலைப்புகளோடு செய்தி அனுப்பிவிட்டேன்.

மியூசிக்பிரைன்ஸில் அவரைச் சேர்க்கும்போது ஒரு சந்தேகம். அவர் தன் பெயரை அட்டையில் ஆங்கில எழுத்தில் போடுகிறார், காணொளியில் தமிழில் போடுகிறார். ஆங்கிலத்திலும் ஒரு பாட்டில் ஒரு 'ஏ', இன்னொன்றில் இரண்டு 'ஏ'. எதைப் பெயராக வைப்பது?

கலவைமேசை

வெளியீட்டு அட்டைகளில் அதிகமாக வரும் வடிவத்தை முதன்மைப் பெயராக வையுங்கள். மற்ற எல்லா எழுத்துக்கூட்டல்களையும், தமிழ் எழுத்தில் உள்ளதையும், மாற்றுப் பெயர் பகுதியில் ஒவ்வொன்றாகச் சேருங்கள். அப்போது யார் எப்படித் தட்டினாலும் தேடலில் அவர் கிடைப்பார். வேறுபாட்டுக் குறிப்பில் ஊரையும் பீட் தயாரிப்பாளர் என்பதையும் எழுத மறக்காதீர்கள். சேர்த்ததும் இணைப்பை இங்கே போடுங்கள், அவருடைய பழைய வெளியீடுகளை நானும் ஏற்றுகிறேன்.