"பொறியில் பொறி வரவில்லை": இதை எப்படி எழுதுவது?

பட்டறைவாசி:
வணக்கம். ஐடிஐயில் டூவீலர் மெக்கானிக் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள், அதனால் குறிப்புகளைத் தமிழிலேயே எழுதித் தருகிறேன். இன்ஜினுக்குப் 'பொறி' என்றுதான் எழுதி வந்தேன். போன வாரம் ஸ்பார்க் பிளக் பாடத்தில் 'பொறியில் பொறி வரவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவும்' என்று ஒரு வரி விழுந்துவிட்டது. ஒரு பையன் எழுந்து, "சார், எதுல எது வரல?" என்றான். நியாயமான கேள்வி. ஒரே சொல் இயந்திரத்துக்கும் நெருப்புத் துளிக்கும் எப்படி வந்தது? நான் எழுதியது தப்பா?

புலவர்மகள்:
தப்பில்லை சார். ஆனால் பொறிக்குப் பொருள் இரண்டோடு நிற்காது. திருக்குறளிலேயே பாருங்கள், 6ஆம் குறளில் 'பொறிவாயில் ஐந்தவித்தான்' என்னும்போது அது கண், காது, மூக்கு முதலான புலன் உறுப்பு. 618இல் 'பொறியின்மை யார்க்கும் பழியன்று' என்னும்போது பரிமேலழகர் விதி என்று உரை சொல்கிறார், உறுப்புக் குறை என்று கொள்பவர்களும் உண்டு. சோழரின் புலிப்பொறி என்றால் முத்திரை. கல்லில் எழுத்தைப் பொறித்தார்கள் என்கிறோமே, அதுவும் இந்தப் பொறிதான்.

இயந்திரம் என்ற பொருளும் நேற்று வந்ததல்ல. சிலப்பதிகாரத்தில் மதுரை மதிலைக் காத்த கருவிகளில் 'வளைவிற்பொறி' வருகிறது, தானே வளைந்து அம்பு எய்யும் வில். சீவக சிந்தாமணியில் அரசன் சச்சந்தன் நிறைமாதமாக இருந்த மனைவி விசயையை ஏற்றி அனுப்பியது மயிற்பொறி, மயில் வடிவ எந்திரம், திருகினால் பறக்கும். 'எந்திர'மும் பழைய சொல்தான், ஐங்குறுநூற்றில் கரும்பின் எந்திரம் யானைக்கு எதிராகப் பிளிறுகிறது!

ஒன்றே ஒன்று, பொரித்த மீனுக்கு இடையின ர. ஓட்டல் பலகைகளில் 'பொறித்த கோழி' என்று பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

கரிசல்காடு:
எங்களுக்குப் பொறி என்றால் முதலில் எலிப்பொறிதான் சார். அப்புறம் பருத்தியில் காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறோம், ஏக்கருக்கு 5. ராத்திரியில் விளக்குப் பொறி. அதே வயலில் அசுவினிப் பூச்சியைத் தின்கிற பொறிவண்டும் இருக்கும், அதற்கு முதுகில் புள்ளி இருப்பதால் அந்தப் பேர். பொறியும் பொறிவண்டும் ஒரே வயலில் இருந்தும் யாரும் குழம்பியதில்லை, ஏனென்றால் நாங்கள் வெறும் 'பொறி' என்று சொல்வதே கிடையாது, முன்னாலோ பின்னாலோ ஒரு சொல் ஒட்டித்தான் வரும்.

வடமராட்சி:
இலங்கையில் இந்தச் சொல் இன்னும் நல்ல புழக்கத்தில் இருக்கு ஐயா. நீங்கள் பொறியாளர் என்பவரை நாங்கள் பொறியியலாளர் என்போம். 'பொறிமுறை' என்ற சொல் பட்டறையைத் தாண்டி அரசியலுக்கே போய்விட்டது, பத்திரிகையைத் திறந்தால் உள்நாட்டுப் பொறிமுறை, சர்வதேசப் பொறிமுறை என்றுதான் இருக்கும். அங்கே ஓடுவது மோட்டார் இல்லை, விசாரணைக்கான ஏற்பாடு. ஆகவே அந்தச் சொல்லைக் கைவிடாதீர்கள்.

புலவர்மகள்:
கரிசல்காடு அண்ணன் சொன்னதுதான் சார் வழி. நெருப்புக்குத் 'தீப்பொறி' என்று முழுசாகவே எழுதுங்கள், பேச்சில் 'கண்ணில் பொறி பறந்தது', 'பொறி தட்டியது' எல்லாம் அந்தப் பக்கம்தான், மாணவர்களுக்கு உடனே புரியும். இன்ஜினைத் தனிப் பொறியாக விடாமல் எந்திரம் என்றோ, பட்டறையில் சொல்கிறபடி இன்ஜின் என்றோ எழுதலாம். தேடுபொறி, நீராவிப் பொறி போல ஒட்டி வரும் இடத்தில் பொறி அழகாக நிற்கும்.

பட்டறைவாசி:
ரொம்ப நன்றி. இன்று காலையே பலகையில் மாற்றி எழுதிவிட்டேன்: 'இன்ஜினைக் கிக் செய்யும்போது பிளக் முனையில் தீப்பொறி வருகிறதா என்று பார்க்கவும். நீலமாகத் தெறித்தால் சரி, மங்கலாகச் சிவந்து வந்தால் பிளக்கைத் துடைத்து இடைவெளியைச் சரிபார்க்கவும்.' அந்தப் பையனையே எழுப்பிப் படிக்கச் சொன்னேன், தடங்கல் இல்லாமல் படித்தான். அடுத்தது கார்புரேட்டர் பாடம், அதற்கு நீங்கள் என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்?