உப்புக்காற்று வீசும் வீட்டுக்குச் சிக்கன விலையில் எந்த மதர்போர்டு வாங்கலாம்?

குறும்பனையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குளச்சலை அடுத்த குறும்பனையில் வசிக்கிறேன். கணினிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்காக, மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகை; சுருக்கமாகப் போர்டு) உள்ளிட்ட உதிரிப்பாகங்களை வாங்கி வீட்டிலேயே ஒரு கணினியைப் பூட்டலாம் என்று இருக்கிறோம். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் பழையவையே போதும்; மற்றவற்றுக்கு 35,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். செயலி எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும், விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள்ளேயே மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினி) லினக்ஸும் ஓட வேண்டும் என்கிறாள். விளையாட்டுக்கு அல்ல.

நாகர்கோவிலில் ஒரு கடையில் மூன்று வழிகளைச் சொன்னார்கள். முதலாவது, எச்610 போர்டும் இன்டெல் ஐ3-12100 பிராசஸரும். இரண்டாவது, ஏ520 போர்டும் ஏஎம்டி ரைசன் 5 5600ஜி பிராசஸரும். மூன்றாவது, புதிய எச்61 போர்டில் பழைய மூன்றாம் தலைமுறை ஐ5 பிராசஸர். இதற்கு மற்ற இரண்டிலும் பாதிதான் செலவாகும் என்கிறார்கள். மூன்றாவதில்தான் என் மனம் சற்றுச் சாய்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையே ஒரு தென்னந்தோப்பு மட்டுமே இருக்கிறது. பழைய கணினியின் லேன் போர்ட் (இணையக் கம்பி செருகும் இடம்) ஓர் ஐப்பசி மாதத்து இடியில் போனது. அடுத்த ஆடியில் போர்டே உயிரை விட்டது. கழற்றிப் பார்த்தபோது ரேம் செருகும் இடத்தின் ஓரங்களிலும், பின்பக்க யுஎஸ்பி போர்ட்களின் அடியிலும் பாசி படர்ந்ததுபோல் பச்சை நிறத்தில் பூத்திருந்தது. எங்களைப் போன்ற கடற்கரை வீட்டுக்கு எந்தப் போர்டு தாங்கும்?

தக்கலைவாசி எழுதியது:

ஐயா, மூன்றாவது வழியை இப்போதே மறந்துவிடுங்கள். பாதி விலை என்பது பார்ப்பதற்கு இனிப்பாக இருக்கும், ஆனால் ஓராண்டுக்குள் கையைக் கடிக்கும். எச்61 என்பது 2011-இல் வந்த சிப்செட் (போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் சில்லு). அந்த மூன்றாம் தலைமுறை ஐ5 2012-ஐச் சேர்ந்தது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். அது மட்டுமல்ல, எச்61-இன் சாட்டா (சேமிப்பகத்தை இணைக்கும் பாதை) வேகம் நொடிக்கு 3 ஜிகாபிட்தான் என்பதால், நொடிக்கு 500 மெகாபைட்டுக்கு மேல் படிக்கக்கூடிய எஸ்எஸ்டி சேமிப்பகத்தை வாங்கி மாட்டினாலும் ஏறத்தாழ அதில் பாதி வேகமே கிடைக்கும். பழைய வகையான டிடிஆர்3 ரேமுக்குப் போடும் காசு அடுத்த கணினிக்கு எந்த வகையிலும் உதவாது. படிக்கிற பிள்ளைக்கு இதை வாங்கித் தர வேண்டாம் என்பதே என் தாழ்மையான வேண்டுகோள்.

மீதமுள்ள இரண்டில், மகளின் தேவையை வைத்துப் பார்த்தால் நான் ஏ520-உம் 5600ஜி-யும் என்பேன். ஐ3-12100-இல் 4 கோர் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்), 8 திரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடிய வேலைகள்); 5600ஜி-யில் 6 கோர், 12 திரெட். விர்ச்சுவல் மெஷினுக்கு இரண்டு கோர்களை ஒதுக்கிக் கொடுத்த பின்பும் மிச்சம் இருப்பது பெரிய நிம்மதி. கிராபிக்ஸ் பிராசஸருக்குள்ளேயே இருப்பதால் தனி கார்டும் தேவையில்லை.

இந்த உள் கிராபிக்ஸ் விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். அதற்கென்று தனி நினைவகம் கிடையாது, உங்கள் ரேமில் இருந்தே எடுத்துக்கொள்ளும். 3200 வேக டிடிஆர்4 ரேம் ஒன்றை மட்டும் போட்டால் நொடிக்கு 25.6 ஜிகாபைட் வரை போகும் பாதை, இரண்டைப் போட்டால் 51.2 ஆகிறது. ஆகவே 16 ஜிபி ஒற்றை ரேம் வேண்டாம், 8 ஜிபி இரண்டு வாங்குங்கள். போர்டில் ரேமுக்கு இரண்டு இடம் இருக்கிறதா என்பதையும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கடைக்காரர் பி550 போர்டுக்கு ஏற்றிவிடப் பார்க்கலாம். நல்ல போர்டுதான், ஆனால் அதன் முக்கியச் சிறப்பு பிசிஐஇ 4.0 (கார்டுகளையும் எஸ்எஸ்டியையும் இணைக்கும் வேகப் பாதை). 5600ஜி பிராசஸரோ 3.0-உடன் நின்றுவிடும். பயன்படாத ஒன்றுக்கு உங்கள் பணம் போக வேண்டியதில்லை. அந்த வித்தியாசத்தை நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு (சாட்டாவைவிட வேகமான வகை) கொடுங்கள்.

ஒரு கவனம்: ஏ520 போர்டுகள் 2020-இல் வந்தவை, 5600ஜி 2021-இல் வந்தது. கடையில் பழைய இருப்பாக இருந்தால், போர்டுக்குள் இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்காமல் அந்தப் பிராசஸர் எழும்பாது. பணம் கொடுக்கும் முன் அவர்களையே பிராசஸரை மாட்டித் திரையில் காட்டச் சொல்லுங்கள். பழைய மானிட்டர் என்கிறீர்கள். அதில் விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டும்தான் இருக்கிறதா என்று பாருங்கள். சில ஏ520 போர்டுகளில் விஜிஏ போர்ட் உண்டு, பலவற்றில் இல்லை.

மார்த்தாண்டம் சர்வீஸ் எழுதியது:

மேலே சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. நான் பதினைந்து ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்ப்பவன் என்பதால், உப்பையும் இடியையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கடற்கரை ஊர்களில் இருந்து வரும் போர்டுகளில் பெரும்பாலானவை ஆனி, ஆடிச் சாரலில்தான் செத்து வருகின்றன. உப்புத்தூள் போர்டின் மேல் படிந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது அந்த உப்பு நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். அருகருகே ஓடும் மெல்லிய செம்புத் தடங்களுக்கு இடையே அந்த ஈரத்தின் வழியாக மின்சாரம் ஒழுகுவதால் தடமே அரித்துப் போகிறது. நீங்கள் கண்ட பச்சை அதுதான். இதற்கு விலை உயர்ந்த போர்டும் விலக்கு அல்ல, எனவே உப்புக்கு அஞ்சிக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம். கணினியை வைக்கும் இடத்தை மாற்றுங்கள். கடல் பக்கத்து ஜன்னலில் இருந்து விலக்கி, உள்ளறையில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் வையுங்கள். விடுமுறையிலும் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஓடட்டும்; வெதுவெதுப்பாக இருக்கும் போர்டில் ஈரம் தங்காது. மாதக்கணக்கில் மூடி வைக்கப்பட்ட கணினிகளே என்னிடம் அதிகம் வருகின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். ரேமின் பொன்னிறப் பற்களை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்கலாம்; ஈரத்துணி கூடவே கூடாது.

இடிக்கு வருகிறேன். லேன் போர்ட் போனது மின் இணைப்பு வழியாக அல்ல, பெரும்பாலும் இணையக் கம்பி வழியாகத்தான். ஃபைபர் இணைப்பாக இருந்தாலும், மோடத்தில் இருந்து கணினிக்கு வருவது செம்புக் கம்பிதான். மோடத்தின் அடாப்டரும் அதே மின்சாரத்தில்தான் இருக்கிறது. மேகம் கறுத்தவுடன் பிளக், லேன் இரண்டையும் பிடுங்கிவிட வேண்டும். சர்ஜ் (திடீர் மின்னழுத்த ஏற்றம்) பாதுகாப்புள்ள பிளக் பலகை வாங்கினாலும் வீட்டின் எர்த் சரியாக இல்லாவிட்டால் அது முழுப் பாதுகாப்பைத் தராது. உங்கள் பக்கத்து வீடுகளில் எர்த் கம்பியின் இணைப்பு உப்பில் அரித்து அறுந்து கிடப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். போர்டு வாங்கும் முன் ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சோதித்துவிடுங்கள்.

போர்டுகளுக்குப் பெரும்பாலும் மூன்று ஆண்டு வாரன்டி உண்டு என்றாலும், துருவும் மின்னல் சேதமும் அதில் அடங்குவதில்லை என்பதை மனதில் கொள்ளுங்கள்.

ஆரல்வாய்மொழிக்காரன் எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். எச்610-ஐ அவ்வளவு எளிதில் தள்ளிவிட வேண்டாம். ஒற்றைக் கோர் வேகத்தில் ஐ3-12100 வலுவானது, அன்றாட வேலைகளில் அது தெரியும். பின்னாளில் பயாஸைப் புதுப்பித்து, அதே போர்டில் பதினான்காம் தலைமுறை ஐ5 வரை போடலாம். ஆனால் இரண்டு இடங்களில் எச்சரிக்கை தேவை. எச்610 என்ற ஒரே பெயரில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. நான் பெட்டியின் மேல் இருந்த பெயரை மட்டும் பார்த்து வாங்கி, ரேம் செருகும் இடத்தில் உள்ள வெட்டு பொருந்தாமல் திரும்ப நாகர்கோவிலுக்குப் பேருந்து ஏறினேன். அடுத்தது, பிராசஸரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது, திரை இருட்டாகவே இருக்கும். இன்டெல் போர்டில் ஊசிகள் சாக்கெட்டில் இருப்பதால், அதன் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாதீர்கள். வாரன்டிக்கு அனுப்பும்போது அதைக் கேட்பார்கள்.

குறும்பனையான் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகளையும் அருகில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் படித்தேன். விர்ச்சுவல் மெஷின்தான் முக்கியம் என்று அவள் சொல்வதால், ஏ520-உம் 5600ஜி-யும் என்று முடிவு செய்திருக்கிறோம். மானிட்டரில் விஜிஏ மட்டுமே இருக்கிறது. எர்த் கம்பியைத் தோண்டிப் பார்த்தோம். மார்த்தாண்டத்து நண்பர் சொன்னபடியே, கையால் தொட்டவுடன் உதிர்ந்து வந்தது. நாளை ஆள் வருகிறார். பழைய கேபினட்டையும் பவர் சப்ளையையும் பயன்படுத்தலாமா என்பது மட்டும் மீதமுள்ள ஐயம்.

தக்கலைவாசி எழுதியது:

கேபினட்டைப் பயன்படுத்தலாம், மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சிறிய அளவு வகைப் போர்டின் அதிகபட்ச அளவு 244 மில்லிமீட்டர் சதுரம், பழைய கேபினட்டில் பெரும்பாலும் அமரும். துரு இருந்தால் சுரண்டி, பெயின்ட் அடித்து, நன்கு காய்ந்த பிறகு பூட்டுங்கள். பவர் சப்ளையை மட்டும் பயன்படுத்த வேண்டாம். அதே உப்பைக் குடித்துத்தானே அதுவும் இருந்திருக்கிறது. அது கெட்டால் புதிய போர்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். 5600ஜி-க்கு 65 வாட்தான் வரையறை என்பதால், தரமான 450 வாட் சப்ளை ஒன்று தாராளமாகப் போதும். விஜிஏ உள்ள போர்டு கிடைக்காவிட்டால், எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் சிறு கருவி ஒன்றைக் கடையிலேயே கேட்டு, மாட்டிப் பார்த்து வாங்கி வாருங்கள்.