ஊர் அரசியல் விவாதம் பார்த்து அப்பா தூங்கமாட்டேங்கிறார், என்ன செய்யலாம்?

ஈசூன்வாசி:
அப்பாவுக்கு 67 வயசு, சிங்கப்பூர் நிரந்தரவாசி. தினமும் ராத்திரி டிவியில் யூடியூப் போட்டு தமிழ்நாட்டு விவாதங்களைப் பார்க்கிறார். முடிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் வாக்குவாதம். படுக்கவே ஒரு மணி ஆகுது. படுத்தாலும் நாடு என்ன ஆகப்போகுதோன்னு புரண்டுகொண்டே இருக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வேறு எடுக்கிறார். டிவியை அணைத்தால் கோபம் வருது. அதட்டாமல் குறைக்க வழி உண்டா? செட்டிங்ஸில் எதை மாற்றணும்னு விவரமா சொல்லுங்க.

தேக்கா_மணி:
தம்பி, கடிகாரத்திலிருந்து ஆரம்பிங்க. சென்னையில் 8, 9 மணிக்கு வரும் விவாதம் இங்கே 10.30, 11.30. அங்கே அது சாப்பாட்டு நேரம், நமக்குப் படுக்கிற நேரம். அதே நிகழ்ச்சி மறுநாள் காலையிலும் யூடியூபில் இருக்கும். பசியாறிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்க. 1.5 வேகத்தில் வைத்தால் ஒரு மணி நேர விவாதம் 40 நிமிஷத்தில் முடிஞ்சிடும். ரிசல்ட் தெரிந்த கிரிக்கெட் மேட்ச் மாதிரி, பாதி சூடு ஆறிப்போயிருக்கும். "பார்க்காதீங்க"ன்னு சொன்னால் சண்டைதான். "காலையில பாருங்கப்பா"ன்னா பெரும்பாலும் ஒத்துக்குவாங்க.

அடுத்து யூடியூப். டிவியில் எந்தக் கணக்கு ஓடுதுன்னு முதலில் பாருங்க. பல வீடுகளில் கைத்தொலைபேசியில் அப்பா கணக்கு, டிவியில் பிள்ளை கணக்கு. ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்றதை விட்டுடுவாங்க, அப்புறம் "ஒண்ணும் மாறலையே"ன்னு புலம்புவாங்க. சரியான கணக்கில் பார்த்த வரலாற்றை அழித்து, பதிவாவதையும் நிறுத்துங்க. முகப்புப் பக்கம் கிட்டத்தட்ட காலியாகிடும், அவரா தேடினால்தான் வரும். ஆட்டோபிளேயை டிவியிலும் போனிலும் தனித்தனியா அணைக்கணும். "இந்த சேனலைப் பரிந்துரைக்காதே"ன்னு கொடுத்தாலும், சப்ஸ்கிரைப் செய்த சேனல் சந்தாப் பக்கத்தில் வந்துகொண்டேதான் இருக்கும். அவரிடம் கேட்டு ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துடுங்க. சொல்லாமல் எடுத்தால் ரெண்டே நாளில் கண்டுபிடிச்சிடுவார்.

வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறினால் ஊரில் மனஸ்தாபம். மியூட்டில் "எப்போதும்" வைத்து, ஆர்க்கைவ் பண்ணுங்க. சாட் செட்டிங்ஸில் "ஆர்க்கைவ் செய்ததை அப்படியே வை" என்பது ஆனில் இருக்கணும். இல்லாவிட்டால் அடுத்த செய்தி வந்ததும் குழு திரும்ப மேலே வந்து நிற்கும். யாராவது அவர் பெயரைக் குறிப்பிட்டாலோ, அவருக்குப் பதில் போட்டாலோ மட்டும் சத்தம் வரும். வீடியோ தானா இறங்குவதையும் அணைச்சிடுங்க. இரட்டை அம்புக்குறியோடு வருவது பல கை மாறி வந்தது. அதன் ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால், சில வருஷப் பழைய கலவரம் "இன்று காலை" என்று சுற்றுவது பல நேரம் தெரிந்துவிடும்.

மாலதி_புக்கிட்பாஞ்சாங்:
மணி அண்ணன் சொன்னது திரைக்கு. உடம்புக்குச் சில விஷயங்கள்.

கவலைப்படாதீர்கள் என்று சொல்வதால் கவலை நிற்காது. அதற்கென்று ஒரு நேரம் ஒதுக்குங்கள்: மாலை 5 மணிவாக்கில் 15 நிமிடம், ஒரு நோட்டுப் புத்தகம். மனதில் ஓடுவதையெல்லாம் எழுதி, தன்னால் செய்ய முடிந்ததற்கு மட்டும் ஒரு குறி போடட்டும். இரவில் அதே நினைப்பு வந்தால் "நாளைக்கு 5 மணிக்கு" என்று தள்ளிப்போடலாம். படுக்கப்போகும் முன் இதைச் செய்தால் எதிர்விளைவுதான்.

மூச்சுப் பயிற்சியில் பலர் தவறு செய்கிறார்கள். வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தால் ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும். அதைப் பார்த்துப் பயம் இன்னும் கூடும். மூக்கால் சாதாரணமாக 4 எண்ணும்வரை உள்ளே, 6 எண்ணும்வரை வெளியே, ஐந்து நிமிடம் போதும்.

கோப்பி, தேத்தண்ணீர் மதியம் 2 மணியோடு சரி. காப்ஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். படுத்து 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காரட்டும், போனைத் தொடாமல்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வழக்கமான வேலைகள் கெட்டுக்கொண்டே இருந்தால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ரத்த அழுத்தம் பார்க்கப் போகும்போதே சொல்லுங்கள். தனியாக "மனநலம்" என்று கூப்பிட்டால் வரமாட்டார்கள், இப்படி வருவார்கள். பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி எண் 1771, 24 மணி நேரமும் உண்டு. நெஞ்சுவலி என்றால் பதற்றம்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், ஆம்புலன்ஸுக்கு 995.

ஈசூன்வாசி:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கான்னும் அவருக்கு ஒரே கவலை. ஓட்டு எண்ணுற நாளை நினைச்சா எனக்கே பயமா இருக்கு.

பூன்லே_கணேசன்:
பட்டியல் விஷயத்தில் கையில் வேலை இருக்கு, அதைக் கொடுங்க. இந்தியக் குடியுரிமையை விடாதவர் என்றால் வெளிநாட்டு வாக்காளராகப் படிவம் 6ஏ நிரப்பிப் பதியலாம், இணையத்திலேயே முடியும். பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரித் தொகுதியில் பெயர் சேரும். இந்த வகைக்கு வாக்காளர் அட்டை கிடையாது, அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் போய்த்தான் ஓட்டுப் போடணும். டிக்கெட் செலவைக் கேட்டதும் பாதிப் பேர் அமைதியாகிடுவாங்க, அது வேறு கதை.

எண்ணிக்கை அன்று இங்கே காலை 10.30க்குத் தொடங்கும். முதலில் தபால் ஓட்டு, அரை மணி கழித்து இயந்திரம். அந்த நேரத்து "முன்னிலை" எல்லாம் சில சுற்றுகளை வைத்துச் சொல்வது, மேலும் கீழும் ஆடும். சிங்கப்பூர்த் தேர்தலில் முழு எண்ணிக்கைக்கு முன் "மாதிரி எண்ணிக்கை" (சாம்பிள் கவுண்ட்) உண்டு, ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்தின் சீட்டுகளிலிருந்தும் 100 எடுத்து எண்ணுவதால் அது பெரும்பாலும் இறுதி முடிவிலிருந்து 4 விழுக்காட்டுப் புள்ளி வித்தியாசத்துக்குள் அடங்கிடும். இந்தியாவில் அப்படி ஒன்று கிடையாது. அதனால் காலையில் அப்பாவைத் தேக்கா சந்தைக்குக் கூட்டிட்டுப் போங்க, மதியச் சாப்பாடும் வெளியில். 2.30 மணிக்கு இந்தியத் தேர்தல் ஆணையத்தின் முடிவுப் பக்கத்தை மட்டும் திறந்து காட்டுங்க. அதில் எண் மட்டும்தான் இருக்கும், கத்துறதுக்கு ஆள் இல்லை.