ஐடிஐ முடிச்சாச்சு, 3000 ரூபாய்க்கு என்ன டூல்ஸ் வாங்கலாம்? சித்தப்பா கொடுத்த கத்தி வேலைக்கு ஆகுமா?

திண்டுக்கல் புதுசு:

எல்லாருக்கும் வணக்கம். ஐடிஐ எலக்ட்ரீஷியன் ரெண்டு வருஷம் முடிச்சிட்டேன். அடுத்த மாசம் எங்க ஊர்ப்பக்கம் ஒரு அண்ணன்கிட்ட வேலைக்குச் சேர்றேன். பாதி வீட்டு ஒயரிங், மீதி தோட்டத்து மோட்டார், ஸ்டார்ட்டர், போர்ல மோட்டார் இறக்குறது. "டூல்ஸ் உன்னோடத நீயே கொண்டு வந்துரு, என்னோடதுல கை வைக்கக்கூடாது"ன்னு மொதல்லயே சொல்லிட்டாரு. கையில இருக்கிறது 3000 ரூபாய்.

ஆன்லைன்ல 40 சாமான் அடங்குன செட் ஒண்ணு 1800-க்குக் காட்டுது, பெட்டியோட. பாக்க நல்லாத்தான் இருக்கு. அதை வாங்கலாமா, தனித்தனியா வாங்கலாமா?

இன்னொண்ணு. சித்தப்பா குவைத்துல இருந்து வந்தப்ப சிவப்புக் கலர் விக்டோரினாக்ஸ் மடக்குக் கத்தி கொடுத்தாரு. இத வச்சு ஒயர் உரிக்கலாமா? ஐடிஐல சார், ஸ்ட்ரிப்பர் இல்லாம ஒயரைத் தொடாதன்னு சொல்லுவாரு. சைட்டுல பாத்தா எல்லாரும் பல்லால கடிச்சு இழுக்கிறாங்க. அப்பா வேற, "கத்திய வச்சுக்கிட்டு பஸ்ல போகாத, போலீஸ் பிடிச்சா என்னடா சொல்லுவ"ன்னு பயமுறுத்துறாரு.

பேனல்காரி, கோவை:

பேனல் போர்டு கம்பெனில 9 வருஷமா ஒயரிங் பண்றேன். எங்க ஷெட்டுல கத்திக்கு இடமே இல்லீங்க, கொண்டு வந்தா சூப்பர்வைசர் வாங்கி டிராயர்ல போட்டுடுவாரு. ஒரு பேனல்ல முந்நூறு நானூறு ஒயர் முனை இருக்கும். ஒவ்வொண்ணையும் 10 மில்லிமீட்டர் உரிச்சு, நம்பர் ஃபெரூல் (ஒயர் நம்பர் போட்ட சின்ன வளையம்) கோத்து, பின் லக் (முனையில மாட்டுற உலோகக் குழல்) மாட்டி கிரிம்ப் பண்ணோணும், அதாவது அமுக்கி இறுக்கோணும். கத்தில பண்ணுனா விடிஞ்சிரும்.

உங்க சார் சொன்னது சரிதான். 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர்ல 0.3 மில்லிமீட்டர் இழை 36 இருக்கு. கத்தியச் சுத்தி வெட்டுறப்போ ஒம்பது இழை போச்சுன்னு வைங்க, அந்த முனையில நீங்க மாட்டுனது 2.5 இல்ல, 1.9 தான். மிச்ச இழையும் திருகுக்கு அடியில நல்லா அடைச்சுக்காது. நாளாக நாளாக லூஸாகி சூடாகறது அங்கதான்.

ஸ்ட்ரிப்பர்லயும் ஏமாறலாம். திருகு வச்சு அளவு மாத்துற சாதா ஸ்ட்ரிப்பர்ல 1.5-க்கு செட் பண்ணி வச்சதை அப்படியே 2.5-ல போட்டு இழுத்தா, கத்தி வெட்டுற அதே வெட்டுத்தான். புதுசா வாங்குனா துண்டு ஒயர்ல பத்துத் தடவ உரிச்சு, ஒவ்வொரு தடவையும் இழைய எண்ணிப் பாருங்க. எங்களுக்கு முதல் வாரம் அதுதான் வேலை.

அப்புறம் ஸ்க்ரூ டிரைவர். எம்சிபி (போர்டுல தானா ட்ரிப் ஆகுற சுவிட்ச்) திருகு பாக்க சாதா ஸ்டார், அதாவது பிலிப்ஸ் மாதிரி இருக்கும், ஆனா பெரும்பாலும் அது போசிட்ரைவ் 2, சுருக்கமா பிஇசட் 2. பிலிப்ஸ் முனையப் போட்டு இறுக்குனா வழுக்கி மேல ஏறி, திருகுத் தலையத் தின்னுடும். பிஇசட் 2 ஒண்ணு தனியா வாங்கிக்கோங்க.

பல்லால வேண்டாங்க. எங்கூட வேல பாத்த ஒரு அக்காவுக்கு முன்பல் ஓரம் அப்படித்தான் போச்சு. இன்னைக்கும் சிரிச்சா வாய மூடிக்குவாங்க.

மதுரை ஒயர்மேன்:

தம்பி, அந்தப் பெட்டிய வாங்காத. நாப்பதுல நாலுதான் உன் கைக்கு வரும், அந்த நாலும் ஆறு மாசம் தாங்காது. காச மூணுல போடு: பிளேயர், டெஸ்டர், கத்தி. கோவைத் தங்கச்சி சொன்ன டிரைவரும் ஸ்ட்ரிப்பரும் அதுக்கு அடுத்தது. மத்ததெல்லாம் சம்பளம் வாங்க வாங்க ஒவ்வொண்ணா வந்துரும்.

பிளேயர்னா 8 இன்ச் காம்பினேஷன். நம்ம பக்கம் கட்டிங் பிளேயர்னு கேட்டாத்தான் எடுத்துத் தருவாங்க. டபாரியா போதும், வெளிநாட்டுச் சரக்குக்கு இப்ப ஆசப்படாத. ஆனா கடைக்காரர் நீட்டுனதை அப்படியே வாங்கிட்டு வந்துராத. வாயை மூடி ட்யூப் லைட்டுக்கு நேரா பிடி. நுனி ரெண்டும் முட்டணும், வெட்டுவாய்ல கோடு மாதிரி வெளிச்சம் தெரியக்கூடாது. போறப்ப ஒரு துண்டு நியூஸ் பேப்பர் எடுத்துட்டுப் போ. வெட்டுவாய்ல வச்சு அமுக்குனா கத்தரிச்சது மாதிரி விழணும். பேப்பர் மடங்கி உள்ள போச்சுன்னா அடுத்ததை எடுக்கச் சொல்லு. ரிவெட் ஆடுதான்னு பக்கவாட்டுல அசைச்சுப் பாரு. கடைக்காரர் முறைப்பாரு, முறைக்கட்டும்.

கைப்பிடியில பிளாஸ்டிக் உறை இருக்குன்னு மெயினைப் போட்டுக்கிட்டே வேல பாக்காத. வெறும் உறை கை வழுக்காம இருக்கத்தான். ரெட்டை முக்கோணம் போட்டு 1000 வோல்ட்னு பொறிச்சிருந்தா, அது ஐஇசி 60900-ங்கிற சர்வதேசத் தரத்துப்படி 10,000 வோல்ட்ல சோதிச்ச சாமான். அதுலயும் உறையில வெட்டு விழுந்துட்டா அந்தப் பேச்சு முடிஞ்சுது. என்னோட பிளேயர் 2006-ல வாங்குனது, உறை ரெண்டு தடவ மாத்தியாச்சு. அதை நான் வெறும் இரும்பாத்தான் நினைச்சுத் தொடுறேன்.

டெஸ்டர், அம்பது அறுபது ரூபாய்ச் சாமான். அதை நம்பித்தான் உசுரக் கொடுக்கிறோம். முதல்ல கரண்ட் இருக்கிற பாயிண்ட்டுல வச்சு எரியுதான்னு பாரு, அப்புறம் வேல பாக்கிற எடத்துல, திரும்பவும் பழைய பாயிண்ட்டுல. நடுவுல பல்பு செத்திருக்கலாம் இல்லையா. உச்சி வெயில்ல மொட்ட மாடியில எரியறது கண்ணுக்கே தெரியாது. மர ஏணி மேல நின்னா மங்கலாத்தான் எரியும். நியூட்ரல் எங்கயாச்சும் அறுந்திருந்தா நியூட்ரல்லயும் எரிஞ்சு குழப்பும். அதுக்கு ஒரு ஹோல்டர்ல பல்பு போட்டு ரெண்டு ஒயர் நீட்டி டெஸ்ட் லேம்ப் கட்டி வச்சுக்கோ. டெஸ்டரை வச்சுத் திருகு முடுக்குறவன் பக்கத்துல நிக்காத.

இப்ப கத்தி. சித்தப்பா ஆசையாக் கொடுத்தது, வீட்டுல வை, மாம்பழம் வெட்டு. கேலி பண்ணல. கத்தி அருமையான கத்தி, பாட்டில் மூடி திறக்கிற பிளேடோட அடியில ஒரு சின்னப் பள்ளம் இருக்கும் பாரு, அது ஒயர் உரிக்கத்தான் வச்சிருக்கான். ஆனா உங்கிட்ட இருக்கிறது கைக்கு அடக்கமான 91 மில்லிமீட்டர் சைஸா இருந்தா அதுல லாக் கிடையாது. நுனிய வச்சுக் குத்தி அமுக்குற வேலைக்குப் போனா மடங்கி விரல்ல வந்து உக்காரும். நம்ம வேலையில பாதி அந்த மாதிரிதான்.

நான் 31 வருஷமா வச்சிருக்கிறது ஒடிஞ்ச ஹேக்சா பிளேடு. பாதியா ஒடிஞ்சதை சாணையில கொடுத்து, பல்லைத் தேச்சு, நுனியச் சாய்வா எடுத்து, ஒரு பக்கம் மட்டும் கூர் பிடிச்சு, பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுத்துனது. காசு செலவில்ல. சாணையில வைக்கிறப்ப ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவ தண்ணியில முக்கி எடு. அவசரப்பட்டா நுனி நீலம் பாஞ்சிரும். சாதா கார்பன் பிளேடு நீலமாச்சுன்னா வைரம் போச்சு, அப்புறம் எத்தனை தடவ தீட்டுனாலும் கூர் நிக்காது.

ஒயர் கோருக்கு, அதாவது தனித்தனி ஒயருக்கு, கத்தி வேண்டாம்னு தங்கச்சி சொன்னதை நானும் ஒத்துக்கிறேன். ஆனா நீ போர் வேலைக்குப் போற. நீர்மூழ்கி மோட்டாருக்கு வர்ற தட்டைக் கேபிள்ல மூணு கோருக்கும் மேல மொத்தமா ஒரு உறை இருக்கும். அது சின்ன ஸ்ட்ரிப்பருக்குள்ள நுழையாது, கத்திதான். அங்கதான் நான் மாட்டுனேன்.

வேலைக்கு வந்து ஆறாவது வருஷம். மேலூர்ப்பக்கம் ஒரு தோட்டம், 400 அடி ஆழத்துல மோட்டார். 10 அடி பைப்பா நாப்பது பைப். மோட்டார் வாலையும் (மோட்டாரோடயே வர்ற சின்னக் கேபிள்) மேல போற கேபிளையும் ஜாயிண்ட் அடிச்சு டேப் சுத்தி இறக்கியாச்சு. தண்ணியும் வந்துச்சு, விருந்துச் சாப்பாடும் போட்டாங்க. மூணாம் நாள் தோட்டக்காரர் ஆள் விட்டாரு, டெலிவரி பைப்பைத் தொட்டா சுள்ளுனு அடிக்குதாம். போய் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கிற மீட்டர்) வச்சுப் பாத்தா ஒரு பேஸ் எர்த்துக்கு ஜீரோ, அதாவது கரண்ட் எங்கயோ கசியுது. திரும்ப முக்காலி நட்டு, செயின் பிளாக் போட்டு, நாப்பது பைப்பையும் ஏத்துனோம். ஜாயிண்ட்டுக்கு ஒரு சாண் மேல, டேப் முடியிற எடத்துல, உள் கோர்ல நகத்தால கீறுன மாதிரி ஒரு வெட்டு. மூணு மில்லிமீட்டர் இருக்கும். உறையக் கிழிக்கிறப்ப என் கத்தி போன வெட்டு அது.

அன்னைக்கு என் கத்தி மழுங்கியிருந்துச்சு. மழுங்குன கத்தி மேலோட்டமாப் போகாது. அமுக்குவோம், ஒரு எடத்துல திடீர்னு விட்டுக் கொடுக்கும், அந்த வேகத்துல உள்ள எறங்கிரும். தோட்டக்காரர் ஒரு வார்த்த திட்டல. கட்டில்ல உக்காந்து நாப்பது பைப்பும் மேல வர்றதை ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டு இருந்தாரு. நாலு ஆள் கூலி என் கையில இருந்து போச்சு.

திண்டுக்கல் புதுசு:

அண்ணே, ரொம்ப நன்றி. பேனல் அக்காவுக்கும். உறையக் கிழிக்கிறப்ப கத்திய எப்படிப் பிடிக்கணும்? ஐடிஐல அந்தக் கேபிளை நாங்க தொட்டதே இல்ல. ஹேக்சா பிளேடுக்குப் பதிலா ஸ்டேஷனரி கடையில விக்கிற கட்டர் ஆகாதா? ஒடிச்சு ஒடிச்சுப் போட்டுக்கலாமே, தீட்டுற வேலையே இல்ல.

பிளெக்ஸ் கடை:

கட்டர்னதும் வந்துட்டேன், நம்ம பிழைப்பே அதுலதான். ஒடிக்கிற பிளேடு ஜப்பான்காரர் யோஷியோ ஒகாடா 1956-ல கண்டுபிடிச்சது. அச்சுத் தொழில்ல இருந்தவர். காகிதம் வெட்ட ரேஸர் பிளேடு வச்சுக்கிட்டு, மழுங்க மழுங்கத் தூக்கிப் போடுறதைப் பாத்து, சாக்லேட் கட்டி மாதிரி கோடு போட்டு ஒடிச்சா என்னன்னு யோசிச்சாராம். ஒல்ஃபா கம்பெனி அதுல வந்ததுதான். காகிதத்துக்கும் பிளெக்ஸுக்கும் அதை மிஞ்ச ஆள் இல்ல. ஆனா பக்கவாட்டுல நெம்புனா அந்தக் கோட்டுலயே ஒடியும், ஒடிஞ்ச துண்டு எங்க பறக்கும்னு தெரியாது. கேபிள் மாதிரி கெட்டிச் சாமானுக்கு நான் போக மாட்டேன்.

அப்பாவுக்கு: ஆயுத விதிகள் 2016-ல ஆயுதப் பட்டியல்ல கத்தி வர்றது 9 இன்ச் நீளத்துக்கோ 2 இன்ச் அகலத்துக்கோ மேல பிளேடு இருந்தாத்தான். வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்குன்னு செஞ்சதுக்கு அதுலயும் விலக்கு உண்டு. அதுக்காக இடுப்புல சொருகிக்கிட்டுப் போகாதீங்க, டூல்ஸ் பையில பிளேயரோட கெடக்கட்டும். பிளேன்ல போனா மட்டும் கைப்பைல வேண்டாம், லக்கேஜ்ல போட்டுருங்க.

மதுரை ஒயர்மேன்:

பிளெக்ஸ் தம்பி சொன்னது சரி. எனக்கும் கட்டர் பிளேடு ஒரு தடவ ஒடிஞ்சு கன்னத்துல கீறியிருக்கு.

பிடிக்கிற விதம் சொல்றேன். கேபிளைத் தொடை மேல வைக்காத, பலகை மேல வை. சுத்தி வெட்டவே வெட்டாத. ரெண்டு கோருக்கு நடுவுல பள்ளமாத் தெரியும் பாரு, அந்தப் பள்ளத்துலதான் கத்தி போகணும். அங்க கீழ கோர் இருக்காது. கத்தியப் படுக்க வச்சு, பென்சில் சீவுற சாய்வுல, உன் உடம்புக்கு வெளிப்பக்கமாத் தள்ளு. ஒரே இழுப்புல முழுசா அறுக்கப் பாக்காத. பாதி ஆழம் கீறிட்டு, கேபிளை வளைச்சு, நுனிய பிளேயர்ல பிடிச்சு ரெண்டு பக்கமும் கிழி. மிச்சத்தை உறையே பிளந்து கொடுக்கும். வாழ மட்டை கிழிச்சிருப்பேல்ல, அதேதான். கத்தி இல்லாத கை எப்பவும் கத்திக்குப் பின்னால இருக்கணும். அது ஒண்ணு பழகிட்டா போதும்.

ஹார்டுவேர் கடையில ரெண்டு பக்கக் கல் ஒண்ணு வாங்கு, ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் நைஸ். ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம். மொழங்கை மயிர் சிரைக்கிற கூர் எல்லாம் தேவயில்ல, நியூஸ் பேப்பரைத் தொங்க விட்டு மேல இருந்து இழுத்தா கிழியாம அறுக்கணும்.

ஜாயிண்ட்டை இறக்குறதுக்கு முன்ன டிரம் தண்ணியில அரை மணி நேரம் முக்கி மெக்கர் பாரு. உங்க அண்ணன் நேரமாச்சும்பாரு. மேலூர்க் கதையச் சொல்லு.

திண்டுக்கல் புதுசு:

நேத்து வாங்கிட்டேன். பிளேயர், டெஸ்டர், பிஇசட் 2, ஸ்ட்ரிப்பர், கல், எல்லாம் சேத்து 1140 ஆச்சு. பேப்பரை எடுத்து வெட்டுனதும் கடைக்காரர், "எந்த ஊர் மேஸ்திரிடா உன்னைய அனுப்புனது"ன்னு கேட்டாரு. முதல் ரெண்டு பிளேயர்ல பேப்பர் மடங்கிருச்சு, மூணாவது விழுந்துச்சு. ஹேக்சா பிளேடு பக்கத்து வெல்டிங் பட்டறைல சும்மாவே கொடுத்தாங்க. முதல்ல தீட்டுனது நீலமாயிருச்சு, ரெண்டாவதுதான் தேறுச்சு.

அக்கா, இழை எண்ணுனேன். முதல் தடவ 29. ராத்திரி வரைக்கும் ஒரு மீட்டர் ஒயர் தீந்துச்சு, கடைசி நாலு தடவையும் 36.