மோட்டார் ஓடினால் ஈரப்பத சென்சார் தப்பாகக் காட்டுகிறது

வணக்கம். உசிலம்பட்டி பக்கம் எங்கள் மல்லிகைத் தோட்டத்தில் மண் ஈரத்தை அளக்க ஒரு கெபாசிட்டிவ் சென்சார் வைத்திருக்கிறேன். மோட்டார் நிற்கும்போது ரீடிங் சரியாக வருகிறது. மோட்டார் ஓட ஆரம்பித்ததும், நனைந்த மண்ணில் 1500 வாக்கில் இருக்க வேண்டியது 3000-க்கு மேல் எகிறுகிறது. இந்த சென்சாரில் எண் கூடினால் மண் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால் பாத்தி நிரம்பி வழிந்தாலும் மோட்டார் தானாக நிற்பதில்லை.

சென்சாரைப் படிக்கும் போர்டு இஎஸ்பி32 (வைஃபை உள்ள மைக்ரோகண்ட்ரோலர்), சென்சார் வயர் சேரும் பின் ஜிபிஐஓ 34. வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசி இந்த போர்டில் இரண்டு; வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்கள் வேலை செய்யாது, தெரியும், இது ஏடிசி1. சென்சாருக்கு 3.3 வோல்ட். கேபிள் சுமார் 15 மீட்டர், ஷீல்டு (வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) இல்லாதது. மோட்டார் 5 ஹெச்பி, த்ரீ ஃபேஸ் சப்மெர்சிபிள். சித்திரையில் பொருத்தியது, ஆடி வரை ஒரு தொந்தரவும் இல்லை. ஆடியில் மோட்டாருக்குப் புதுக் கேபிள் இழுத்தவர்கள் சென்சார் கேபிள் போகும் பள்ளத்திலேயே அதையும் போட்டுவிட்டார்கள். சந்தேகம் அதில்தான்.

சென்சாரை மாற்றினேன், போர்டைத் தனி பேட்டரியில் ஓட்டினேன்; அதே கதை. பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 100 நானோஃபாரட் கெபாசிட்டர் வைத்ததில் ஆட்டம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். சராசரி எடுத்தும் பயனில்லை, எண் மொத்தமாக மேலே ஏறி நிற்கிறது. அப்புறம் போர்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வாளி மண்ணில், குட்டை வயரில் வைத்துப் பார்த்தேன். மோட்டார் ஓடியும் ரீடிங் அசையவில்லை.

பள்ளத்தைத் தோண்டிக் கேபிளைப் பிரிக்கலாம். ஆனால் பூ எடுக்கும் நேரத்தில் வேர்ப்பக்கம் கடப்பாரை படக்கூடாது என்று அப்பா ஒரே பிடி.

சென்சார் முனையிலேயே டிஜிட்டலாக மாற்றி, அதே கேபிளில் ஆர்எஸ்485 (இரண்டு வயர்களின் வோல்டேஜ் வித்தியாசத்தில் டேட்டா அனுப்பும் முறை) வழியாக அனுப்பினால், மோட்டார் கேபிள் ஒட்டியே கிடந்தாலும் டேட்டா சரியாக வந்து சேருமா?